வாயு மூலைக் கிணறு

சென்னையிலிருந்து வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. வரும் கடிதங்களையெல்லாம் தமிழில் பெயர்த்துக் கோப்பில் வைக்க வேண்டும் என்று அதற்கு முன்பே ஒரு கடிதம் வந்திருந்தது. அதுவும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

கல்லுமேட்டுத் தொழிற்பேட்டையின் தனி அலுவலர் ராஜப்பன் புதிய கடிதத்தைத் தட்டச்சர் தெரசாவிடம் கொடுத்தார். அவள் ஆட்சிமொழிச் சொல்லகராதியை அரைமணி நேரம் புரட்டி, 'இயற்கை எரிவாயு மின் நிலையம்' என்று அடித்துக்கொண்டு வந்து நீட்டினாள். நீட்டியவள் போகாமல் நின்றாள்.

"சார், கேஸு எங்கிருந்துங்க சார் வரும்?"

"பைப்புல வரும்."

"பைப்பு எங்கிருந்துங்க சார் வரும்?"

ராஜப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தெரசா, நீ டைப்பிஸ்ட்."

தெரசா தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அதன் பிறகு அந்தக் கேள்வியை அந்த அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.

இது நடந்தது எண்பத்தாறில், மழை பொய்த்த இரண்டாவது வருஷம். அதியமான்கோட்டைக்கு மேற்கே ஆறு மைலில் நானூறு ஏக்கர் கரட்டு நிலத்தை வளைத்துக் கம்பி போட்டு, வளைவு கட்டி, வளைவின்மேல் பெயர் எழுதி, தொழிற்பேட்டை திறந்து ஐந்து வருஷமாகியிருந்தது. மூன்று ஆலைகள் வந்தன. பிஸ்கட் ஆலை திறப்பு விழாவன்று விருந்தினருக்குக் கொடுத்த பிஸ்கட்டோடு நின்றது. அந்தப் பிஸ்கட்டும் சேலத்துக் கடையில் வாங்கியது. தீப்பெட்டி ஆலை திறப்பு விழாவுக்கு முன்பே நின்றது. ஆணி ஆலையில் ஒரு காவலாளி மட்டும் இருந்தார். கரண்ட் இல்லாததால் ஆலை வரவில்லை என்று ராஜப்பன் மேலே எழுதினார். ஆலை இல்லாததால் கரண்ட் தரமுடியாது என்று மேலிருந்து பதில் வந்தது. ஐந்து வருஷக் கடிதப் போக்குவரத்தின் முடிவில் பேட்டைக்கென்றே ஒரு மின் நிலையம் ஒதுக்கிவிட்டார்கள்.

இடம் தேடும் வேலையே இல்லை. பேட்டையின் நடுவில் அறுபது ஏக்கர் புறம்போக்குப் பாறை. ஆடுகூட ஏறாது. யாருக்கும் பட்டா இல்லை, யாரும் அழமாட்டார்கள். சர்வேயர் தீர்த்தகிரி வரைபடத்தில் அந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் சுழித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

ராஜப்பன் படத்தைப் பார்க்கவில்லை. தெரசா அடித்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது.

"எரி... வாயு. ஏய்யா தீர்த்தகிரி, வாயுன்னு பேரிலேயே இருக்குது. அத எந்த மூலைல வைக்கணும்?"

"மூலைங்களா சார்? நடுவுலதான் சார்..."

"வாயு மூலைன்னு ஒண்ணு எதுக்குய்யா இருக்குது? வடமேற்கு. நம்ம பேட்டையில அந்த மூலை வெட்டுப்பட்டுக் கெடக்குது பாரு. அதான் மூணு ஆலையும் படுத்துக்கிச்சு." தீர்த்தகிரியின் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: "நான் மூடநம்பிக்கைக்காரன் இல்ல. பி.இ. மெக்கானிக்கல். ஆனா திசைங்கறது சயின்ஸ். காம்பஸ் சயின்ஸா இல்லியா?"

"சயின்ஸுதானுங்க சார். ஆனா அந்த மூலை நஞ்சம்மாளோட பட்டா நெலம். கெணறு இருக்குதுங்க."

"கிணறு எல்லா இடத்துலயும்தான்யா இருக்குது."

எல்லா இடத்திலும் கிணறு இருந்தது உண்மைதான். தண்ணீர்தான் நஞ்சம்மாள் கிணற்றில் மட்டும் இருந்தது. ஐம்பத்தைந்து அடி. கீழே இருபது அடி முழுப் பாறை. அவள் புருஷன் பெரியண்ணன் வெடிவைத்து எடுத்தது. அந்த வருஷம் சுற்றுப்பட்டுக் கிணறுகளெல்லாம் அடிச்சேற்றைக் காட்டியபோதும் இதில் இரண்டு ஆள் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. பெரியண்ணன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்விட்டு, பொங்கலுக்கும் ஆடிக்கும் வருவான். இரண்டேகால் ஏக்கரில் தக்காளியும் கேழ்வரகும் போட்டு, இரண்டு எருமையைக் கட்டி மேய்த்து, ஊருக்குக் குடிதண்ணீரும் கொடுத்து, குடத்தை மோதிப் பாசியில் வழுக்குகிறவர்களை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டு நஞ்சம்மாள் பிழைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிணறு இல்லாவிட்டால் அந்த நிலம் பக்கத்துப் பாறைக்குத் தங்கச்சி.

நோட்டீசு வந்தது. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளில் நேரில் வந்து சொல்லலாம் என்று எழுதியிருந்தது. மறுநாளே போனாள். அலுவலக வராந்தாவில் தீர்த்தகிரியைப் பிடித்துக்கொண்டாள்.

"நடுவுல அவ்ளோ பாறை கெடக்குதே, எங்கெணத்து மேல ஏன் கண்ணு உங்க சாருக்கு?"

தீர்த்தகிரி குரலைத் தணித்தார். "வாயு மூலைங்கறாருக்கா. கேஸுன்னா வாயுவாம்."

நஞ்சம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

"என்னம்மா ஆட்சேபணை?" என்றார் ராஜப்பன்.

"கெணறு இருக்குதுங்க."

"கிணறு ஆட்சேபணை ஆகாதும்மா. நாட்டுக்காகத் தியாகம் பண்ணணும். சுதந்திரத்துக்கு எத்தினி பேரு உயிரக் குடுத்தாங்க?"

"அவங்க கெணத்தக் குடுக்கலீங்களே."

ராஜப்பன் பேனாவை மூடினார். விசாரணை முடிந்தது என்பதற்கு அது அடையாளம். நஞ்சம்மாள் நகரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. இந்தக் கேஸுங்கறது வீசறதுங்களா, எரியறதுங்களா?"

"எரியறது. எரிச்சுத்தான் கரண்ட் எடுப்போம்."

"உங்க வூட்டுல அடுப்பு எந்த மூலைலங்க?"

"அக்கினி மூலைலதான். ஏன்?"

"ரெண்டு பேருக்குச் சோறாக்கற அடுப்பே அக்கினி மூலைன்னா, ஊருக்கே கரண்டு காச்சற அடுப்பக் கொண்டாந்து காத்து மூலைல வெக்கலாமுங்களா? காத்து அதத் தூக்கிக்கிட்டுப் போயிடாதா? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, கட்டுனது யாருன்னுதான கேப்பாங்க?"

ராஜப்பன் மூடிய பேனாவை மறுபடி திறந்தார். 'கட்டியது யார்' என்ற கேள்வியை அவர் கல்வெட்டில் மட்டும்தான் எதிர்பார்த்திருந்தார். விசாரணைக் கமிஷனில் அல்ல.

"தீர்த்தகிரி! அக்கினி மூலைல யாரு?"

"மெத்தைக்கடை பாயிங்க சார். ஹயாத் பாஷா. இலவந்தோப்பு."

யார் என்று நஞ்சம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. போன தை மாதம் அவள் மகள் கல்யாணத்துக்கு மெத்தை தைத்துக் கொடுத்தவர் அவர்தான். அந்தத் தோப்புப் பஞ்சை வெயிலில் மூன்று நாள் காயவைத்து, கொட்டை ஒன்றுகூட இல்லாமல் பார்த்து அடைத்து, கேட்காமலே இரண்டு தலையணை சேர்த்துக் கொடுத்திருந்தார். அங்கே போகவேண்டாம் சார், அந்தப் பாறையிலேயே கட்டுங்கள் என்று சொல்ல நஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். மறுபடியும் பேச்சு தன் கிணற்றுக்கே திரும்பிவிடும் என்று பட்டது. மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஹயாத் பாஷாவுக்கு நோட்டீசு போயிற்று.

தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவருடைய மெத்தைக்கடை. முப்பது வருஷமாகப் பஞ்சு அடைத்தாலும், அதற்கு முன் வித்துவான் தேர்வுக்குப் படித்து ஒரு தாளில் தவறியவர். தவறியது கட்டுரையில், இலக்கணத்தில் இல்லை. அதைக் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். நோட்டீசை வாங்கி முதலில் அதிலிருந்த நான்கு சந்திப்பிழைகளைத் திருத்தினார். அப்புறம்தான் தோப்பு போகப்போவது உறைத்தது. இருபத்திரண்டு மரம். தோப்பு இல்லையென்றால் பஞ்சை வெளியில் வாங்கிக் கடை நடத்த முடியாது. ஆலை மெத்தை வந்து ஏற்கெனவே பாதி வியாபாரத்தைச் சாப்பிட்டிருந்தது.

தீர்த்தகிரி அவரிடமும் வராந்தாவில் வாயு மூலை, அக்கினி மூலை விஷயத்தைச் சொன்னார். மனிதர் யாருக்கும் கெடுதல் நினைக்கமாட்டார். கேட்கிற எல்லோருக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

"சார், ஆட்சேபணை சொற்பத்தினதுங்க," என்றார் ஹயாத் பாஷா, ராஜப்பன் முன்னால் நின்று.

"சொற்பமா இருந்தா ஏன் பாய் வந்தீங்க?"

"சொல்லப் பத்தினதுன்னேனுங்க. எரிவாயுங்கறது வினைத்தொகை."

"தொகையெல்லாம் மெட்ராஸ்ல முடிவு பண்ணுவாங்க. நம்ம கையில இல்ல."

"பணத் தொகை இல்லீங்க, இலக்கணத் தொகை. எரிந்த வாயு, எரிகின்ற வாயு, எரியும் வாயு. மூணு காலமும் உள்ள மறைஞ்சு நிக்குது. ஆனா நிக்கறது எது? வாயு. அதுதான் பெயர்ச்சொல். எரிங்கறது மேல போட்ட உறை மாதிரி. உறைய மாத்தினா தலையணை வேற தலையணை ஆயிடுங்களா சார்?"

மூலையில் தட்டச்சு சத்தம் நின்றது. மூன்று காலத்தில் இது எந்தக் காலத்தில் எரியும் என்று தெரசா யோசித்திருக்கலாம். நிகழ்காலத்தில் எரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

"அப்ப... வாயுதான் முக்கியங்கறீங்க," என்றார் ராஜப்பன் மெதுவாக.

"இலக்கணம் அப்படித்தான் சொல்லுதுங்க. நான் சொல்லல."

அந்தக் கோடையில் தோப்புக் கிணறு வற்றிய பிறகு, தோப்புக்கு வரும் நாளெல்லாம் ஹயாத் பாஷா சைக்கிளை மிதித்துக்கொண்டு நஞ்சம்மாள் கிணற்றுக்குத்தான் போவார். அங்கே கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, அந்த வரப்பிலேயே துண்டை விரித்துத் தொழுவார். அவர் எழுந்திருக்கும் வரை நஞ்சம்மாள் எருமையை அந்தப் பக்கம் விடமாட்டாள். இதெல்லாம் ராஜப்பன் முன்னால் நின்றபோது அவருக்கு நினைவு வராமல் இல்லை. பெயர்ச்சொல் எது என்றுதானே சொன்னோம், பெயரைச் சொல்லவில்லையே என்று படியிறங்கும்போது நினைத்துக்கொண்டார். மறந்துவைத்த குடையை எடுக்கக்கூடத் திரும்பி வரவில்லை.

ராஜப்பன் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். நிபுணர் குழுவைக் கலந்தார். குழு என்பது அவருடைய மாமனாரும், மாமனாரிடம் இருந்த முன்பக்கம் கிழிந்த மனையடி சாஸ்திரப் புத்தகமும். மூன்றாம் நாள் தெரசா ஆணையை அடித்தாள். அடிக்கும்போது இரண்டு முறை நிறுத்தி, எழுதியிருப்பது சரியா என்று கேட்டாள். அவள் டைப்பிஸ்ட் என்பது மறுபடியும் நினைவூட்டப்பட்டது.

அந்த ஆணையை எடுத்துக்கொண்டு தீர்த்தகிரி நஞ்சம்மாள் வீட்டுக்கு வந்தார். அவள் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"படிங்க."

"தங்கள் ஆட்சேபணை ஏற்றுக்கொள்ளப்பட்டது."

முறம் கீழே விழுந்தது. "நெசமாவா? அட, உக்காருங்க! மோரு குடிங்க. அந்தாளு முழி முழின்னு முழிச்சப்பவே நெனச்சேன்..."

"இன்னும் இருக்குதுக்கா." தீர்த்தகிரி உட்காரவில்லை. "ஹயாத் பாஷா என்பாரின் ஆட்சேபணையும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எரிவாயு என்பதில் எரியும் உண்டு, வாயுவும் உண்டு ஆதலால், வாயுவைத் தேக்கும் பகுதி வடமேற்கு மூலையிலும், அதை எரிக்கும் பகுதி தென்கிழக்கு மூலையிலும் அமையும். இடையே குழாய். இரு நிலங்களும் அவசரப் பிரிவின்கீழ் எடுத்துக்கொள்ளப்படுகின்றன."

நஞ்சம்மாள் முறத்தை எடுக்கக் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

"ஏத்துக்கிட்டாங்கன்னா நெலம் எனக்குத்தான?"

"ஆட்சேபணைய ஏத்துக்கிட்டாங்க. நெலத்த எடுத்துக்கிட்டாங்க."

"அந்தப் பாய் இன்னா சொன்னாரு?"

தீர்த்தகிரி வாழ்க்கையில் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் சைக்கிளை எடுத்தார்.

வாயு மூலையில் பள்ளம் இருக்கலாகாது என்று அந்தக் கிழிந்த புத்தகத்தின் மிச்சப் பக்கத்தில் இருந்ததாம். ஆணையில் அது 'நிலத்தைச் சமன்செய்தல்' என்று வந்தது. டிப்பர் லாரிகள் நடுப்பாறையை வெடிவைத்து, அந்தக் கல்லை ஏற்றிக்கொண்டு வந்து கிணற்றில் கொட்டின. முதல் நாள் ஊர்ப்பெண்கள் குடத்தோடு வந்து, கல் விழுகிற இடைவெளியில் இறைத்தார்கள். நஞ்சம்மாள் யாரையும் வையவில்லை. இரண்டாம் நாள்வரை கல் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறிப் பார்த்தது. மூன்றாம் நாளிலிருந்து கல் கல்லின்மேல் விழுந்தது. அதே வாரம் அந்தப் பக்கத்தில் இருபத்திரண்டு மரத்தையும் வெட்டினார்கள். காய் வெடிக்கிற பருவம்; ஊரெல்லாம் பஞ்சு பறந்தது.

அடிக்கல் நாட்டுவிழா வந்தது. எந்த மூலையில் கல் நடுவது என்று பிரச்சினை. அக்கினி மூலையில் நட்டால் வாயு மூலை கோபித்துக்கொள்ளும். எனவே இரண்டுக்கும் பொதுவாக, நட்டநடுவில், புறம்போக்குப் பாறையில் நடுவது என்று முடிவாயிற்று. தீர்த்தகிரி எட்டு மாதத்துக்கு முன் சிவப்புப் பென்சிலால் சுழித்த அதே இடம். அவர் பேசாமல் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

பந்தல், வாழைமரம், மேளம். சென்னையிலிருந்து ஒரு பிரமுகர் நான்கு காரில் வந்தார். முதல் வரிசையில் 'நிலம் ஈந்த நன்னெஞ்சர்' என்று அட்டை கட்டிய இரண்டு நாற்காலிகள். ஒன்றில் நஞ்சம்மாள், ஒன்றில் ஹயாத் பாஷா. வராவிட்டால் இழப்பீட்டுத் தாளில் கையெழுத்து ஆகாது என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். இருவருக்கும் சால்வை போட்டார்கள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

பிரமுகர் பேசினார். இது புகையில்லாத மின்சாரம் என்றார். தானாக வந்து நிலத்தைத் தந்த தாய்க்குலம் என்றார். தாய்க்குலம் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கல் நடும் நேரம் நெருங்கியது. நல்ல நேரம் பத்தேமுக்கால் வரைதான். கொத்தனார் சிமெண்டையும் மணலையும் கலந்து நடுவில் குழி பறித்துவைத்துவிட்டுத் தண்ணீருக்குக் கை நீட்டினார். தண்ணீர் இல்லை. தண்ணீர் லாரி அதியமான்கோட்டை ரயில்வே கேட்டில் டயர் வெடித்து நிற்பதாக ஒருவர் ஓடிவந்து சொன்னார்.

"அறிவு இருக்குதாய்யா? பக்கத்துல கெணறு இருக்குதில்ல, ரெண்டு குடம் எடுத்துட்டு வரச்சொல்லு!" என்று ராஜப்பன் பல்லைக் கடித்தார்.

"மூடிட்டோமுங்க சார்," என்றார் தீர்த்தகிரி.

"யாரு மூடச் சொன்னது?"

"நீங்கதானுங்க சார்."

"எழுத்துலயா?"

"எழுத்துலதானுங்க சார்."

பிரமுகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது பந்தலுக்குப் பின்னால் நான்கு பெட்டி கோலிசோடா இருப்பது யாருக்கோ நினைவு வந்தது. பேசிக் களைத்தவர்களுக்காகத் தருமபுரியிலிருந்து வரவழைத்தது. கொத்தனாரும் சித்தாள்களும் வரிசையாக உட்கார்ந்து, கட்டைவிரலால் கோலியை அழுத்தி, டப் டப் என்று உடைத்து ஊற்றினார்கள். சிமெண்டு நுரைத்துப் பொங்கியது. நாதசுரக்காரர் அதற்கு ஏற்றாற்போல் உச்சிக்குப் போனார். பிரமுகர் வெள்ளிக் கரண்டியால் அந்த நுரையை எடுத்து அப்பினார்; கல் உட்கார்ந்தது. கைதட்டினார்கள். அந்த மின் நிலையத்துக்கு அன்று வந்து சேர்ந்த கேஸ்தான் முதலும் கடைசியும்.

கார்கள் போன பிறகு கையெழுத்து ஆயிற்று. நஞ்சம்மாளும் ஹயாத் பாஷாவும் வளைவுவரை ஒரே பாதையில் நடக்க வேண்டியிருந்தது. அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"உங்க தோப்ப யாரு காட்டிக் குடுத்தாங்களோ தெரியலீங்க பாய்," என்றாள் நஞ்சம்மாள், முன்னால் பார்த்தபடி.

ஹயாத் பாஷா சைக்கிள் மணியைத் துடைத்தார். "யாரோ சொல்லியிருப்பாங்கம்மா. உங்க கெணத்தையும் அப்படித்தான். யாரோ."

"ஆமாங்க. யாரோ."

வளைவின் கீழே இருவரும் நின்றார்கள். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவள் தோளில் கிடந்த சால்வையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, வியாபாரப் பழக்கத்தில் தேய்த்துப் பார்த்தார்.

"மட்ட ரகம். தொவைக்காதீங்கம்மா, சாயம் போயிடும்."

"தொவைக்கத் தண்ணிக்கு எங்க போறது பாய்?" என்று சொல்லிவிட்டு நஞ்சம்மாள் எருமைகளுக்குத் தண்ணீர் கேட்கப் பக்கத்து ஊருக்கு நடந்தாள்.